கண்டி சேர் இன்னும் முடிவு சொல்லவில்லை

கட்டுகஸ்தோட்டை,
ஐப்பசி, மூன்றாம் வெள்ளி.

அன்புள்ள அத்தானுக்கு,

சத்தியபாமா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு மாதிரி நினைத்தால் பேனை ஓடாது.

போன மாதம் எழுதிய கடிதம் உங்கள் கைக்கு வரவில்லை என்று லோயர் சண்முகநாதன் ஐயா சொன்னார். அதில் இலக்கங்கள் அதிகமாம். வேகம், மெமறி, விலை என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தேன். சிறையில் கடிதங்களைப் பார்க்கிறவர்கள் ஏதோ இரகசியக் குறிப்பு என்று எடுத்து வைத்துவிட்டார்கள். ஆகவே இந்தக் கடிதத்தில் ஒரு இலக்கமும் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரி எழுதப் போகிறேன். எனக்குத் தெரிந்ததையே எனக்கு எழுதுகிறாளே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு முன்னால் இதை வாசிக்கப் போகிற ஐயாவுக்கும் விளங்க வேண்டுமே.

ஐயா, புரோசெசர் என்பது கம்பியூட்டரின் மூளை. அது வெடிக்காது, யாரோடும் பேசவும் பேசாது. பென்டியம் டூ என்பது போன வருடம் வெளிவந்த புதிய மூளையின் பெயர், ஆளின் பெயர் அல்ல. என் கணவர் நவரட்ணராஜா கட்டுகஸ்தோட்டையில் கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவர். வகுப்புக்கு அந்தப் புதியது தேவையா, பழையதே போதுமா என்று பார்க்கத்தான் ஆவணி மாதம் கொழும்புக்கு வந்தார். ஒரு லொட்ஜில் தங்கினார். பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்த அன்று, அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்த மற்றவர்களோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவ்வளவுதான் கதை. இனி அவரோடு பேசுகிறேன்.

அத்தான், வகுப்பு நின்றுவிடவில்லை. டைப்பிங் வகுப்பை மடுல்கெல்லைச் சிவமணி எடுக்கிறாள். உங்களிடம் படித்த பிள்ளையல்லவா, உங்களைப் போலவே ஒரு விஷயத்தை மூன்று தரம் சொல்லுகிறாள். நான் கணக்கு மென்பொருள் வகுப்பைப் பார்க்கிறேன். தோட்டத்துப் பக்கமிருந்து வரும் பஸ்ஸை வழியில் மறித்துச் சோதிப்பதால் காலை வகுப்பைக் கொஞ்சம் பிந்தித்தான் தொடங்குகிறோம். பாலத்தடியில் மகாவலி கலங்கி ஓடுகிறது. மழை ஓய்ந்தபாடில்லை, மேல்மாடிக் கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருக்கிறேன், கம்பியூட்டர்கள் நனையவில்லை.

ஆனால் தை மாத வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. கண்டி டவுனில் புதிதாகத் திறந்த இடத்தில் எல்லாமே பென்டியம் டூ என்று பதாகை கட்டியிருக்கிறார்கள். மவுஸைப் பிடிக்கத் தெரியாத தகப்பன்மார்கூட இப்போது படியேறி வந்தவுடன் கேட்கும் முதற்கேள்வி, உங்களிடம் என்ன பென்டியம் என்பதுதான். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சாதாரண பென்டியம். மற்ற மூன்றும் அதைவிடப் பழையவை, அவற்றின் பெயரே இலக்கம் என்பதால் அவற்றை இந்தக் கடிதத்தில் கிழவர்கள் என்று சொல்லுகிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் திகதி பிடிபடாமல் கிழவர்களுக்கு மூளை கலங்கிவிடும் என்று வேறு ஊரெல்லாம் பேச்சு.

உங்கள் கேள்விக்கு நானே பதில் தேடினேன். டவுனில் அந்த இடத்துக்கு, படிக்கச் சேர வந்தவளைப் போலப் போனேன். சிரிக்க வேண்டாம். சேலையை ஒழுங்காக உடுத்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்தேன். புதிய கம்பியூட்டரைப் போட்டுக் காட்டினார்கள். உண்மையைச் சொன்னால் வேகம் வேகம்தான். நம் கிழவர்கள் விழித்து எழும்புகிற நேரத்துக்குள் அது எழும்பி, முகம் கழுவி, வேலைக்கும் போய்விடும். ஆனால் அதற்குப் பிறகு அங்கே நடந்தது என்ன? ஒரு பிள்ளை கடிதம் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தது. பென்டியம் டூ அந்தப் பிள்ளையின் விரலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. நம் வகுப்பிலும் அதேதான். நாம் கற்பிக்கிற வேலைக்குக் கம்பியூட்டர்தான் ஆளுக்காகக் காத்திருக்கிறது.

அதோடு புதிய மூளையை மட்டும் வாங்கிக் கிழவரின் தலைக்குள் வைக்க முடியாது என்று அறிந்துகொண்டேன். அதைப் பொருத்துகிற பலகை, போர்ட் என்பது, வேறு வேண்டும், வேறு மெமறி வேண்டும், பெட்டியும் வேறு. மிஞ்சுவது திரையும் கீபோர்டும்தான். உள்ளதற்கு மெமறியைக் கூட்டிவிட்டு, விலை இறங்கும்வரை பொறுத்திருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். இது அபிப்பிராயம் மட்டும். முடிவு அல்ல.

இப்போது வழக்கின் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு எதிராக அவர்கள் சொல்லும் பெரிய காரணம் என்ன தெரியுமா? கம்பியூட்டர் வாங்க வந்ததாகச் சொல்லும் ஆள், கையில் பணத்தை வைத்துக்கொண்டு, நாலைந்து நாள் தங்கியும் ஒன்றும் வாங்கவில்லை. ஆகவே வந்த நோக்கம் வேறு. லோயர் இதை வாசித்துக் காட்டியபோது எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மேசை விசிறி வாங்க நீங்கள் எடுத்த காலத்தில் வெயில் காலமே போய்விட்டதை அவர்களுக்கு யார் சொல்லுவது? என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மனுசன் பதில் சொல்லத் தை போய்ச் சித்திரை வந்தது. அம்மா வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டா. ஆனால் ஒருமுறை சொன்ன பிறகு நீங்கள் மாறவில்லை. அதையும் நான்தான் அறிவேன்.

லோயர் ஐயா ஒரு யோசனை சொன்னார். “தங்கச்சி, அவர் பாத்த அந்தக் கொழும்புக் கடைக்கே போய் அந்த மெஷினை இப்ப வாங்கிக்கொண்டு வாங்கோ. வாங்கத்தான் வந்தவர், மனுசி வந்து வாங்கி முடிச்சிட்டா எண்டு கோட்டில நீதவானிட்ட சொல்லலாம்” என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. போன திங்கள் காலை ரயிலில் சிவமணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லொட்ஜில் தங்கவில்லை, அன்றே திரும்பிவிட்டோம். அதனால் பயப்பட வேண்டாம்.

கடையில் நின்ற பிள்ளையின் பெயர் அனீஸா. கண்டிக்குப் பக்கத்தில், நம் மடவளைப் பிள்ளை. கொழும்பில் மாமியின் வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். நான் உங்கள் பெயரைச் சொன்னேன், விளங்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் வகுப்பு நடத்துகிறவர் என்றதும் முகம் மலர்ந்தது. “கண்டி சேரா? எங்க அவர்? காலையில கட தொறந்த ஒடனே முடிவோட வாறன் எண்டு செல்லிட்டுப் போனாரே” என்றாள்.

நீங்கள் தினமும் போய், ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டதையெல்லாம் சொன்னாள். கடையில் உங்களுக்கென்று ஒரு கதிரையே போட்டு வைத்திருந்தார்களாம். வந்து வாங்கிக்கொண்டு போன எத்தனையோ பேரின் முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. வாங்காத உங்களை மறக்கவில்லை. எந்தக் குணத்தால் உங்களைச் சந்தேகப்பட்டார்களோ, அந்தக் குணத்தால்தான் உங்களுக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. நீங்கள் வராமல் விட்ட அந்தக் காலை என்ன நடந்தது என்று நான் சொன்னதும் அந்தப் பிள்ளை கண் கலங்கிவிட்டது. வேறு கடைக்குப் போய்விட்டீர்கள் என்று கோபித்திருந்தாளாம்.

வந்த வேலையை முடிப்போம் என்று பணத்தை எடுத்தேன். அனீஸா பில் புத்தகத்தை விரித்து, சேர் கடைசியில் எதைத் தீர்மானித்தார், எதை எழுத என்று கேட்டாள். எனக்குத் தெரியாதே. அன்று காலை நீங்கள் என்ன முடிவோடு எழுந்தீர்கள் என்பது உங்களோடு போய்விட்டது. நானே ஏதோ ஒன்றைச் சொல்லி, வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தால், நீங்கள் இல்லாமலே நடத்தப் பழகிவிட்டேன் என்று ஆகிவிடும்போல் இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது அத்தான். பணத்தைத் திரும்பப் பையில் வைத்தேன். எனக்குத் தர வேண்டியது பில் இல்லை பிள்ளை, நீர் கண்டதைக் கோட்டில் வந்து சொன்னால் போதும் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாப்பாவிடம் கேட்க வேண்டும் என்றாள்.

லோயர் ஐயாவுக்கு முதலில் கோபம். பிறகு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, பில்லைவிட ஆள் நல்லது, ஆனால் ஆள் வர வேண்டும் என்றார். இன்றைக்கு இத்தோடு நிறுத்துகிறேன். மடவளைக்குப் போய் வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

ஞாயிறு.

போய் வந்துவிட்டேன். அனீஸாவின் வாப்பா பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். லீவில் வந்திருந்த அனீஸா எல்லாவற்றையும் முன்கூட்டியே வீட்டில் சொல்லியிருந்தாள். மரியாதையாக உட்கார வைத்தார்கள். ஆனால் வாப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. குமர்ப்பிள்ளை கோடு ஏறினால் நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும்போது நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள், அதோடு இது பொலிஸ் விஷயம், நாங்களும் இந்த நாட்டில் கவனமாகத்தானே இருக்க வேண்டும் என்றார். அதில் பிழை ஒன்றும் இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அதை அவரிடமும் சொன்னேன்.

எழுந்து வரப் போகும்போது அவர் ஒன்று கேட்டார். பணமும் வைத்துக்கொண்டு அத்தனை நாள் ஏன்தான் வாங்காமல் இருந்தார்? அதிலே அப்படி யோசிக்க என்ன இருக்கிறது? நான், அவர் அப்படித்தான், எதையும் எளிதில் வாங்க மாட்டார் என்றேன். அப்போதுதான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற அனீஸாவின் உம்மா, உம்மு குல்சும் என்று பெயர், முதன்முறையாக வாய் திறந்தா. “யோசிச்சி யோசிச்சி சாமான் வாங்குறது குத்தமெண்டா எங்கட மனிசன எப்பவோ புடிச்சிக்கிட்டுப் போயிருக்கோணும். தராசு ஒண்டு வாங்க ரெண்டு பெருநாள் போன வீடு இது” என்றா.

அனீஸா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாப்பாவும் சிரித்துவிட்டார். வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டேன், நானும் பக்கத்தில் வந்து நிற்பேன், அவள் கண்டதை மட்டும் சொல்லுவாள், கூட்டியும் இல்லை குறைத்தும் இல்லை என்றார். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா தோடம்பழம் ஒன்றை உரித்துத் தந்தா. வாங்கிச் சாப்பிட்டேன்.

கார்த்திகை முதற் திங்கட்கிழமை உங்களைக் கோட்டுக்குக் கொண்டு வருவார்களாம். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை லோயர் ஐயா நேரில் கொண்டு வந்து ஒப்படைப்பார். நீதவான் உங்களிடமும் கேட்கலாம், என்னதான் முடிவெடுத்தாய் என்று. உள்ளதைச் சொல்லுங்கள். முடிவெடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால், இன்னும் இல்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அனீஸா, அவளுடைய வாப்பா, நான், மூன்று பேரும் பின்னால் இருப்போம். நான் நீல நிறச் சேலை உடுத்திருப்பேன், கூட்டத்தில் தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

தரைக் குளிருக்குக் கம்பளிச் சட்டையும், கடிக்கிற நுளம்புக்குக் களிம்பும் லோயரிடம் கொடுத்தனுப்புகிறேன். சாப்பாட்டை ஒதுக்காமல் சாப்பிடுங்கள். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒவ்வொரு வெள்ளியும் உங்கள் பெயரில் அர்ச்சனை நடக்கிறது. அவர் உங்களைக் காப்பார்.

புதியதை வாங்குவதா, விடுவதா என்ற விஷயத்தை நான் தொடவில்லை. தை வகுப்புக்குப் பிள்ளைகள் குறைந்தால் குறையட்டும். கிழவர்களை வைத்துக்கொண்டு நானும் சிவமணியும் சமாளிப்போம். முடிவு உங்களுடையது. அதற்கு ஒரு வாரம் எடுங்கள், ஒரு வருடம் எடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கிருந்து யோசிக்க வேண்டாம் அத்தான். வீட்டுக்கு வந்து, உங்கள் கதிரையில் இருந்து யோசியுங்கள்.

உங்கள் வரவையே பார்த்திருக்கும்,
சத்தியபாமா