குட்டிக்குத் தனி சீட்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு லீவு இல்லாததால் நீ தனியாக வருகிறாய், குட்டிக்கு விமானத்தில் தனி டிக்கெட் எடுத்து, காரில் மாட்டும் குழந்தை சீட்டிலேயே உட்கார வைத்து அழைத்து வருகிறாய் என்பதெல்லாம் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. ஊரெல்லாம் பேசுகிற நீ என்னிடம் மட்டும் மூச்சுவிடவில்லையே! அம்மா சண்டைக்கு வருவாள் என்று பயமாம். வந்தேன்தான், பொய் சொல்வானேன். பெற்றவள் மடி இருக்கும்போது பிள்ளையைப் பார்சல் மாதிரி கட்டி வைப்பதா என்று உன் அப்பாவின் உயிரை வாங்கினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "போன தடவை வந்து இறங்கினப்போ அவ கை எப்படி இருந்துச்சு, மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மறக்க முடியுமா? வழியெல்லாம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், கண்ணை மூடாமல் வந்தாய். விமானம் குலுங்கியபோது பிடி நழுவி, பிள்ளை தலை முன்சீட்டில் இடிக்கப் பார்த்தது என்று சொன்னாய். டம்ளரைத் தூக்கக்கூடக் கையில் வலு இல்லை.

மறுநாள் கீழ்வீட்டுப் பல் டாக்டரோடு காரில் போனேன். யார் மடியிலும் அடங்காத அவர் மகள், குழந்தை சீட்டில் பெல்ட்டை மாட்டியதும் சாய்ந்து தூங்கியே போனாள். அந்த சீட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அப்பா விமானக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டார். விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற ஸ்டிக்கர் சீட்டில் இருக்க வேண்டுமாம், ஜன்னலோரமாகத்தான் வைக்க விடுவார்களாம். அகலத்தை அளந்து முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடு. ஏறும்போதும் இறங்கும்போதும் எவ்வளவு அழுதாலும் மனசு இளகி பெல்ட்டை அவிழ்க்காதே, பொம்மையைக் கையில் கொடு. பக்கத்தில் யாராவது முறைத்தால் முறைக்கட்டும். உன் அண்ணன் உங்கள் அறைக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று தரைக்கும் சேர்த்து அடித்து வைத்திருக்கிறான், வந்து நீயே கேள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருங்கள். ஸ்டிக்கரைப் பார்க்க மறக்காதே. இங்கே எல்லாரும் குட்டி எப்போது வருவாள் என்றே கேட்கிறார்கள். வந்ததும் அவளை அப்பாவும் அண்ணனும் பங்குபோட்டுக்கொள்ளட்டும். எனக்கு என் பிள்ளை வேண்டும். கை வலிக்காமல் வந்து என்னைக் கட்டிக்கொள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா