கேள்வியின் கடைசி ஏற்றம்

அலமாரியைத் திறந்ததும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறையின் வாசனை. உங்கள் கம்பளிச் சட்டையை எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லை. சட்டை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, குரல்தான் இல்லை. அதைப் பதிவு செய்து வைக்க நம் இருவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் இறந்த பிறகு, சில மாதங்களாக நினைவில் அதைத் தேடுகிறேன். நீங்கள் சொன்ன சொற்கள் வருகின்றன. ஆனால் என் குரலில் வருகின்றன. பயமாக இருக்கிறது.

எஹலியகொடை ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நீங்கள் கிளாக்கராக இருந்தபோது, பகல் முழுவதும் சிங்கள நண்பர்களோடுதான் பேச்சு. அதனாலோ என்னவோ, உங்கள் தமிழ்க் கேள்விகள் கடைசியில் நீண்டு, மேலே ஏறி, ஒரு கணம் அங்கேயே நிற்கும். கொன்வென்ட் சிஸ்டர்மார் வளர்த்த என் காது அதைப் பொறுக்காது.

"கேள்விய ஏன் மரத்துல ஏத்தி விடுறீங்க?" என்பேன்.

"நான் எங்க ஏத்துனேன், கொன்வென்ட்காரி? அது தானா வந்து ஒட்டிக்கிச்சு" என்று சிரிப்பீர்கள்.

நேற்று இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போனேன். மரவாங்கில் என் பக்கத்தில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் புரை. "டாக்டர் வந்துட்டாரா?" என்று கேட்டேன்.

அவர் சட்டென்று திரும்பினார். "நீங்க நம்ம கிளாக்கர் ஐயாவுக்கு என்ன வேணும்?"

உங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவராம். என்னோடு ஒரு நாளும் பேசியதில்லை. மனைவி என்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"கண்ணத்தானே கட்டியிருக்காங்க, காதக் கட்டலையே! ஐயா காலையில வேலைக்குப் பேரெடுக்குற பெரட்டுக்களத்துல நின்னு, 'எல்லாரும் வந்தாச்சா?'ன்னு கேப்பாரு. முடிவுல இழுத்துத் தூக்குவாரு. நீங்களும் அப்படியே தூக்குறீங்க."

"நானா?" என்றேன், சற்றுக் கோபமாகவே.

"இந்தா, மறுபடியும்!" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். உங்கள் ஒவ்வொரு சொல்லையும் வாசலில் நிறுத்திச் சோதித்தவள் நான். அந்த ஓசையோ என்னைக் கேட்காமலே உள்ளே வந்து குடியேறியிருக்கிறது. நீங்கள் கற்பிக்கவில்லை; கற்றுக்கொண்டது எனக்கே தெரியாது. எந்த வருடத்தில் என் வாய் உங்கள் வாயைப் பின்பற்றத் தொடங்கியது? உங்கள் நோய்க் காலத்திலா, கல்யாணமான புதிதிலா?

உங்கள் குரல் திரும்பி வரவில்லை. அது ஏறி நின்ற இடம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பிறர் பேச்சைத் திருத்தும் பழக்கம் இந்த வயதில் என்னை விட்டுப் போகாது. இதை மட்டும் நான் திருத்திக்கொள்ளப் போவதில்லை.