இரண்டில் தொடங்கும் பாட்டு

ஊர்காவற்துறை,
2004 மாசி 8

அன்புள்ள மிரோஜன் அண்ணைக்கு,

செல்வரத்தினம் மாமாவிடம் நீங்கள் கொடுத்துவிட்ட சீடி உடையாமல் வந்து சேர்ந்தது. எழுதித் தந்தபடியே எல்லாம் செய்தேன். இல்லாத ஒரு சீடி டிறைவ் இருக்கிறது என்று கணினியை நம்பவைக்கும் புரோகிராமை முதலில் போட்டேன். பிறகு கப்பல் விளையாட்டின் நகலை அதில் ஏற்றினேன். கப்பல் ஓடுகிறது, பீரங்கி வெடிக்கிறது. இசையைத்தான் காணவில்லை.

கனடாவுக்குப் போகும்போது மூலச் சீடியை நீங்கள் கொண்டுபோனீர்கள். அதோடு வந்த சின்னப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. பதினோராம் பக்கத்தில் எட்டு இசைகளின் பெயர்கள், வாத்தியக்காரரின் பெயர்களோடு. அவ்வளவு பேர் சும்மாவா வாசித்திருப்பார்கள்?

அப்பா பின்னால் நின்று பார்த்தார். “காத்தே இல்லாத கடலில பாய் ஓடுது” என்று சிரித்துவிட்டு வலை திருத்தப் போய்விட்டார்.

சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் என்னைத் தையல் வகுப்பில் விடப்போகிறாராம். எனக்குக் கணிதம் படிக்க விருப்பம். உயர்தரக் கணிதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை; குருநகரில் மாக்கிறேற் மாமி வீட்டில் நின்றுதான் படிக்கவேண்டும். நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்.

அன்புத் தங்கச்சி,
ஜெனீற்றா

*

ரொறன்ரோ,
2004 மாசி 27

ஜெனி,

அம்மாவின் கால் நோவைப் பற்றி ஒரு வரி இல்லை, விளையாட்டைப் பற்றி இரண்டு பக்கம். நல்ல பிள்ளை.

அந்த விளையாட்டை நான் மூன்று தரம் முடித்தவன். அதில் இசை கிடையாது. புத்தகத்தில் அச்சடித்ததெல்லாம் வேதம் என்று நம்புகிற ஆள் நீ.

சரி, ஒரு பந்தயம். நீ அதைப் பாடவை, நான் அப்பாவோடு கதைக்கிறேன். ஏலாவிட்டால் வாயை மூடிக்கொண்டு தையல் படி. எனக்கும் சேர்ட் தைக்க ஆள் வேண்டும்.

அண்ணை

*

ஊர்காவற்துறை,
2004 பங்குனி 21

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மாவின் கால் சுகம். எண்ணெய் பூசுகிறா. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பதினோராம் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். எட்டு இசைகளுக்கும் இலக்கம் போட்டிருக்கிறார்கள், ஆனால் இரண்டிலிருந்து ஒன்பது வரை. அச்சுப் பிழையாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அம்மாவின் ஞானப்பாட்டுச் சீடி நினைவு வந்தது. அதிலும் பாட்டுகளுக்கு இலக்கம் இருக்கிறது, ஒன்றிலிருந்து. அப்படியென்றால் உங்கள் சீடியில் ஒன்றாவது எது?

விளையாட்டேதான் ஒன்றாவது, அண்ணை. இசையெல்லாம் அதற்குப் பின்னால், சாதாரணப் பாட்டுகள் மாதிரிக் கிடக்கின்றன. நீங்கள் ஒன்றாவதை மட்டும் நகல் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கோபிக்காமல் ஒன்று செய்யுங்கள். மூலச் சீடியைப் பாட்டுக் கேட்கிற பெட்டியில் போடுங்கள். ஒன்றைத் தாண்டி இரண்டை அமத்துங்கள்.

ஜெனீற்றா

*

ரொறன்ரோ,
2004 சித்திரை 12

ஜெனி,

நேற்று உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து வந்து இரண்டை அமத்தினேன். பாடிச்சுது.

என்னோடு அறையில் இருக்கிற றஜீபன் என் கணினியைக் கழற்றிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சீடிப் பாட்டைச் சீடி டிறைவிலிருந்து ஒலி அட்டைக்குக் கொண்டுபோகிற மெல்லிய வயர் கொழுவாமலே கிடந்திருக்கிறது. மூன்று தரமும் செவிடனாகத்தான் விளையாடியிருக்கிறேன்.

இந்தமுறை சீடி முழுவதையும் நகல் எடுத்துத் தபாலில் போட்டிருக்கிறேன். பெரியது ஒன்று, சின்னது ஒன்று, இரண்டு கோப்புகள். இரண்டுக்கும் உன் பெயர். இங்கே ஆட்கள் சொல்கிற மாதிரி முதலில் ஆங்கிலத்தில் ஜெனீட்டா என்று அடித்துவிட்டேன். நீ ஏசுவாய் என்று பிறகு ‘ற்றா’ வரும்படி ‘ஆர்’ எழுத்தைப் போட்டு இரண்டு பெயரையும் திருத்தினேன்.

ஆனால் பந்தயம் முடியவில்லை. உன் கணினியில் பாடவேண்டும்.

அண்ணை

*

மே/பா மாக்கிறேற் மாமி,
குருநகர்,
2004 ஆனி 20

அன்புள்ள அண்ணைக்கு,

சீடி வந்த அன்று நான் அழுதேன். இரண்டு கோப்புகளையும் கணினிக்கு மாற்றிச் சின்னதை ஏற்றினால், பெரியதைக் காணவில்லை என்றது கணினி. பெரியது பக்கத்திலேயே கிடக்கிறது! பெறுபேறு நல்லதுதான், ஆனாலும் தையல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்று அம்மா சொன்னதும் அன்றுதான்.

கண்ணைத் துடைத்துவிட்டு, சின்னதை வெறும் எழுத்துக் கோப்பாகத் திறந்து வாசித்தேன். எந்த இசை எங்கே தொடங்குகிறது என்று வரிவரியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தேடவேண்டிய பெரிய கோப்பின் பெயர். அங்கே நான் இன்னும் ஜெனீட்டாதான். வெளியில் என் பெயரைத் திருத்தினீர்கள், உள்ளே திருத்தவில்லை, அண்ணை.

ஒரு ‘ஆர்’ அடித்தேன்.

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட, முதலில் ஒரு குழல். பிறகு வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தா. அப்பா கையில் வலையோடு வந்து நின்றார்.

“இப்பதான் காத்து அடிக்குது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பெடியன் கெட்டிக்காரன்.”

அம்மா விடவில்லை. “அவன் பிழையா அனுப்பினவன். திருத்தினது இவள்.”

அப்பா கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இசை முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது.

“அப்ப இவளுக்கு என்னத்துக்குத் தையல்?” என்றார்.

மேலே உள்ள விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். என் பெட்டியை அப்பாதான் தோளில் வைத்துக்கொண்டு வந்து மாமி வீட்டில் இறக்கினார். நாளைக்கு முதலாவது கணித வகுப்பு.

பந்தயத்தில் தோற்றும் நீங்கள் அப்பாவோடு கதைக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. ஆனாலும் கதையுங்கள். நான் வெளிக்கிட்ட நாள் தொடக்கம் அவர்தான் விளையாடுகிறாராம். நாலாம் துறைமுகத்தில் மாட்டுப்பட்டு நிற்கிறார். எப்படி வெளியே வருவது என்று உங்களிடம் கேட்க அவருக்கு வெட்கம்.

சேர்ட்டைக் கடையில் வாங்குங்கள்.

‘ஆர்’ எழுத்தை விடாத தங்கச்சி,
ஜெனீற்றா