பேச்சியக்காவுக்கு மாற்றுப் பெயர்

ஐப்பசி 9, ஞாயிறு

இன்று மேகமலைக்குப் போய்வந்தேன். பஸ் குலுக்கியதில் இடுப்பு இன்னும் வலிக்கிறது. முதுகலை ஆய்வேட்டில் பேச்சியக்காவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். தேயிலை பறிக்கும் பெண்களை அவர் திரட்டியதால்தான் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் வந்தது. தொண்டு நிறுவன ஊழியராகப் பதினெட்டு வருடம் அவரோடு வேலை பார்த்துவிட்டு, இப்போது மாணவியாகச் சம்மதப் படிவத்தை நீட்டக் கூச்சமாக இருந்தது.

கையெழுத்து வாங்கும் முன், எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

“யாரு இந்த லட்சுமி?”

“நீங்கதான்க்கா. பேரை மாத்தித்தான் எழுதணும்னு காலேஜ்ல சொல்லியிருக்காக.”

“நான் என்ன களவாண்டேனா, எம்பேரை மறைக்க?”

எஸ்டேட்காரர்கள் படித்தால் அவர் வேலைக்கு ஆபத்து வரலாம் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இத்தனை வருடப் பழக்கத்தை ஒரு தாளால் கெடுத்துவிட்டேனே என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பாலில்லாத கட்டஞ்சாயாவோடு வந்தார்.

“மாத்தித்தான் ஆகணும்னா உம்பேரைப் போட்டுக்க, செல்வி. அந்த லட்சுமி யாரோ எவளோ. நீன்னா நம்ம ஆளு.”

சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெயரை மாற்ற உட்கார்ந்தேன். ‘குடிதண்ணீர் கேட்டு மேனேஜர் பங்களா வாசலில் செல்வி நாள் முழுக்க மழையில் நின்றார்’ என்ற வரி வந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை. அன்றைக்கு நான் எங்கள் நிறுவன ஜீப்புக்குள் நனையாமல் உட்கார்ந்திருந்தேன்.