உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

இன்று காலை வாசற்கதவுக்கு வண்ணம் அடிக்க வந்தவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, தாழ்ப்பாளை எதுக்குங்க இத்தனை ஒசரத்துல போட்டிருக்கறீங்க?" அது உனக்காகத்தான், அம்மா. உன் கைக்கு எட்டக் கூடாது என்றுதான் போட்டேன்.

அப்போது கணபதியில், இந்த வீட்டில் என்னோடு இருந்தாய். அசந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாய். தேடிப் பிடித்தால், "ஊட்டுக்குப் போறேன் கண்ணு" என்பாய். இருப்பதே வீடுதான் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது.

உடுமலையிலிருந்து அண்ணன் வரும் நாளில் மட்டும் நீ வேறு ஆள். "வா சாமி, சாப்புட்டயா?" என்று கேட்டு, தேங்காய் விலைகூட விசாரிப்பாய். "அம்மா நல்லாத்தான் இருக்குது. நீதான் பெருசு பண்ற, அம்மணி" என்பார் அவர். அவர் கார் சந்து திரும்பியதும் என்னிடம் கேட்பாய்: "இப்ப வந்துட்டுப் போனது யாரு?"

தாழ்ப்பாளைப் பார்த்த அன்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவளைப் பூட்டி வெப்பாங்களா?"

"அப்ப நீங்க கூட்டிட்டுப் போய்ப் பாருங்கண்ணா."

வீம்புக்கு அழைத்துப் போனார். தினமும் போனில், "இங்க ஒரு தொந்தரவும் இல்ல. பாக்கற விதத்துல பாத்தா எல்லாம் சரியா இருக்கும்." பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு மத்தியானம் அதே குரல் சொன்னது: "அம்மணி, அம்மாவைக் காணோம்."

நான் உடுமலையில் பஸ் இறங்குவதற்குள் நீ கிடைத்துவிட்டாய். ஒரு தேங்காய் மண்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தாய். மண்டிக்காரர் சொன்னார்: "கணபதி பஸ் எங்க நிக்கும்னு கேட்டாங்க. 'எம் புள்ள தேடிட்டு இருப்பா, நேரமானா வைவா'ன்னு அதையே சொல்லிட்டு இருந்தாங்க."

பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாருங்க அம்மணி?" என்றாய்.

கூட நின்ற அண்ணன் டீக்குக் காசு கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தாழ்ப்பாள் எவ்வளவு ஒசரத்துல போட்டே?" சிரிப்பதா, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதா என்று தெரியவில்லை. கையை உயர்த்திக் காட்டினேன்.

அதன்பின் மாதம் மாறி மாறி வைத்துக்கொண்டோம். உன் காரியத்தன்று அவர் சொந்தக்காரர்களிடம், "ஆரம்பத்துல இருந்தே ரெண்டு பேரும் சரிபாதியாப் பாத்தோம்" என்றார். அந்த எரிச்சல் இன்னும் எனக்கு அடங்கவில்லை. அவர் போன் வந்தால் இப்போதும் முதலில் முகத்தைத்தான் சுளிக்கிறேன்.

ஆனால் அம்மா, என் முகம் மறந்தாய், பேர் மறந்தாய். நேரமானால் உன்னைத் தேட ஒருத்தி இருக்கிறாள் என்பதை மட்டும் நீ மறக்கவில்லை. எனக்கு அது போதும்.