சாயப் பட்டறைக் கிணறு

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மழை வர்ற மாதிரி இருந்துது, வரலை. பழைய சாயப் பட்டறை இனிமே எங்க வீடு. வெள்ளிக்கிழமை அங்கே பால் காய்ச்சணும், அன்னைக்கே இந்த வாடகை வீட்டுச் சாவியைக் குடுத்துடணும். இன்னைக்குப் போய்ப் பார்த்தேன், தலை சுத்திடுச்சு. தரையெல்லாம் ஊதா, பச்சை, சிவப்பு. சுவரோரம் உடைஞ்ச ஆசிட் ஜாடி. பீப்பாய்ல கல்லா இறுகிப்போன என்னமோ. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு சொல்ல ஆளில்லை. பட்டறை வெச்சிருந்தவர் எப்பவோ ஊரை விட்டே போயிட்டார்.

வாங்கணும்: சுண்ணாம்பு, துடைப்பம், வாளிக்கயிறு. செல்விக்கு ரப்பர் செருப்பு. மூணு வயசுப் பிள்ளை, வெறுங்காலோட அங்கே விடவே கூடாது.

ஆகஸ்ட் 21, திங்கள்

மேல்மண்ணை வெட்டி வண்டியில ஏத்தினோம். எங்கே கொட்றதுன்னு வண்டிக்கார முனுசாமி கேட்டார். யாருக்குத் தெரியும்! ஆத்துப்பக்கம் போகச் சொன்னார் என் வீட்டுக்காரர். மத்தியானம் அதே மண்ணோட வண்டி திரும்பி வந்து வாசல்ல நிக்குது. துணி வெளுக்கிறவங்க விரட்டிட்டாங்களாம். நியாயம்தானே. கடைசில எங்க கொல்லையிலேயே குழி வெட்டிப் புதைச்சாச்சு. சுத்தம் பண்ணினோமா, இடம் மாத்தி வெச்சோமா, புரியலை.

கை ரெண்டும் எரியுது. தேங்காயெண்ணெய்.

செவ்வாய்

கிணறு தூர் வாரினாங்க. சேறு ஒவ்வொரு வாளியும் ஒவ்வொரு நிறம். சாயங்காலம் புதுத்தண்ணி ஊறிச்சு. லேசா மஞ்சள். கலங்கல்தான், தெளிஞ்சிடும்னாங்க. முனிசிபாலிடி ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் கொட்டிட்டு, காய்ச்சிக் குடிக்கச் சொல்லிட்டுப் போனார். காய்ச்சினா சாயம் போயிடுமான்னு கேட்டேன். காதுல வாங்காமலே சைக்கிள் ஏறிட்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. இந்த ஊர்ல தண்ணியை நாக்கால பார்க்கமாட்டாங்க, பட்டால பார்ப்பாங்க. இவரோட சிநேகிதர் ராமையா, சாயம் போடறவர், அந்தத் தண்ணியிலேயே அரக்குச் சாயம் கரைச்சுக் கொதிக்கவெச்சு ஒரு கழி பட்டுநூல் முக்கி எடுத்தார். ஐயோ, என்ன மினுமினுப்பு! தெருவே வந்து பார்த்துது. பெரிய காஞ்சிபுரத்துல கூட இப்பிடித் தண்ணி கிடையாதுபான்னார் ராமையா. இவர் உடனே ஒரு சொம்பு மொண்டு மடக் மடக்குன்னு குடிச்சுக் காட்டினார். நானும் தறி வீட்டுப் பொண்ணுதான். அந்த நூலைப் பார்த்ததும் எனக்கும் சந்தோஷம் தாங்கலை. பொய் சொல்வானேன்.

புதன்

செல்விக்கு வயித்து வலி. ரெண்டு தரம் வாந்தி. நேத்து இவர் அவளுக்கும் அந்தத் தண்ணி அரை டம்ளர் குடுத்தாராம், இப்பதான் சொல்றார். நாவப்பழமும் நிறைய தின்னா. தண்ணியா, பழமா? டாக்டருக்கும் சொல்லத் தெரியலை. மிக்சர் குடுத்தார், ரோஸ் கலர். அந்தக் கலரைப் பார்த்தாலே பயம்.

ராத்திரிச் சாப்பாட்டுல சண்டை. நாலு நாள் தெருக்குழாய்த் தண்ணி கொண்டாரலாம்னேன். இவருக்குக் கோபம். "நூல் பொய் சொல்லுமாடி?"ன்னார். பட்டுக்கு ஆகுறது குழந்தைக்கு ஆகணுமான்னு கேட்டேன். கையைக் கழுவிக்கினு எழுந்து போயிட்டார். இவர் சொல்றதும் சரியாத்தான் தோணுது. வீடும் வேற கிடையாது. என்ன நினைக்கிறதுன்னே தெரியலை.

படுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணினேன். கிணத்துத் தண்ணி கொஞ்சம், இவர் பெட்டியிலேர்ந்து சாயம் போடாத வெள்ளை நூல் ஒரு கழி. பானைல போட்டு, அணையப்போற அடுப்புமேல வெச்சுட்டேன். வேற ஒண்ணும் போடலை.

வியாழன்

வானம் மூடாக்கு. செல்வி கஞ்சி குடிச்சா. தேவலை.

பால் காய்ச்சப் புதுப்பாத்திரம் வாங்கியாச்சு. மாவிலைக்குச் சொல்லணும்.

பானையைத் திறந்தேன். நல்ல மஞ்சள். பச்சை ஓடுற மஞ்சள். மூணு தண்ணி அலசினேன், போகலை. கையில வெச்சுக்கினு எவ்ளோ நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

இவர் உள்ளே வந்தார், கிணத்துத் தண்ணிச் சொம்பு கையில. என் மடியில நூலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேங்கப்பா, நல்லாப் பிடிச்சிருக்குதே! என்ன சாயம் போட்டே?"

"ஒண்ணும் போடலை"ன்னேன்.

செல்வி ஓடிவந்து இவர் கையில இருந்த சொம்பைப் பார்த்துத் தண்ணி கேட்டா. இவர் சொம்பைத் தலைக்குமேல தூக்கிக்கினார்.