வீட்டில் மாற்றம் ஏதும் உண்டா?

மச்சான்,

இன்றைக்குக் காலையில் காப்புறுதிக் கந்தோருக்குப் போயிருந்தேன். நீ வேலை பார்த்த மேசையில் இப்போது ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். மகளின் வீட்டுக்கு மகளின் பெயரிலேயே புதிதாகக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்றேன். அவள் பழைய கோப்பைத் தேடி எடுத்து, ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். 'வீட்டின் உரிமையில் மாற்றம் ஏதும் உண்டா?' என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் 'இல்லை' என்று பேனையால் எழுதியிருந்தது. அது என் எழுத்து. கீழே என் கையொப்பம்.

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஏழு மாதமாகிறது. அதற்கு முந்தைய ஒரு வருடமும் நான் உன்னோடு கதைக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் என்னை நட்டப்படுத்தியவன் நீ என்றுதான் கல்முனை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும் விட்டேன். தாளைப் பார்த்த பிறகுதான் அந்த நாள் எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது.

நெல் வெட்டும் காலம். சம்மாந்துறை வயலுக்கு மெசின் வந்துவிட்டது என்று நான் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்படுகிற நேரத்தில் நீ வந்தாய். மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் தாளை விரித்தாய். காப்புறுதி ஹறாம் என்று ஒரு காலம் உன்னை விரட்டினவன் நான். தக்காபுல் முறை வந்த பிறகு, ஒருவருக்கு நட்டம் வந்தால் எல்லாரும் சேர்ந்து தாங்குவதுதான் இது என்று பொறுமையாக விளங்கப்படுத்தி என்னைச் சேர்த்தவன் நீ. வருடா வருடம் புதுப்பிக்கும்போது இந்தக் கேள்வியை நீ கேட்பாய். அந்த வருடமும் கேட்டாய்.

"புள்ளைக்குக் கலியாணம் முடிச்சிட்டியே மச்சான். ஊட்டு உறுதிய அவட பேருக்கு எழுதியாச்சா?"

"எழுதினா என்ன, எழுதாட்டி என்ன? நேத்து இருந்த ஊடுதான் இண்டைக்கும் இரிக்கி. தாளக் கொண்டா."

"அப்படி இல்ல. உறுதி அவட பேருல இருந்தா காப்புறுதியும் அவட பேருலதான் இரிக்கணும். உன்ட பேருல கிடந்தா நாளைக்கி ஒண்டும் வராது."

"இல்ல எண்டுதானே சொல்றன்" என்று எரிந்து விழுந்து, அப்படியே எழுதியும் கொடுத்தேன்.

அப்போது வீட்டு உறுதியை மகளின் பெயருக்கு எழுதி முடித்து மூன்று மாதம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்காவது உண்மையைச் சொல்கிறேன். நம்மூரில் மகள் பிறந்த அன்றைக்கே தகப்பன் வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறான். கட்டுவதும் அவளுக்கு, கொடுப்பதும் அவளுக்கு. அதை ஒரு மாற்றம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் கொடுத்துவிட்டுப் பின்வளவில் இரண்டு அறை போட்டுக்கொண்டு ஒதுங்கியவனுக்கு, இந்த வீடு இனி என்னுடையது இல்லை என்று இன்னொருவன் முன்னால் சொல்வது லேசில்லை. எனக்கு வாய் வரவில்லை. வெட்கம் கோபமாக வந்தது, அந்த நேரத்தில் முன்னால் நின்றவன் நீ.

போகும்போது இன்னொன்றும் சொன்னாய். "மருமகனோட புள்ள கத்தாருக்குப் போனா ஊட்ட வாடகைக்குக் குடுப்பாய். குடுத்தா எனக்கு ஒரு சொல் சொல்லு, அதயும் எழுதணும். வந்து இரிக்கிறவங்கட சாமான் நம்மட காப்புறுதிக்குள்ள வராது. சுவரும் கூரையும்தான் நம்மட. அவங்கட சாமானுக்கு அவங்க தனியா எடுக்கணும், அதயும் அவங்களுக்குச் சொல்லு." நான் தலையை ஆட்டினேன். மகள் கத்தாருக்குப் போன பிறகு, நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு மாஸ்டரும் அவரைப் போலவே படிப்பிக்கிற மனைவியும் இரண்டு பிள்ளைகளோடு குடிவந்தார்கள். உனக்கும் சொல்லவில்லை, அவர்களுக்கும் சொல்லவில்லை.

தீ பிடித்தபோது அவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில். அல்லாஹ் காப்பாற்றினான். குசினி வயரில் பிடித்த நெருப்பு பின்பக்கக் கூரையோடு மூன்று அறைகளைத் தின்றுவிட்டது. மாஸ்டர் கருகின அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று, "எங்கட சாமானுக்கும் அந்தக் காப்புறுதியில ஏதும் வருமா?" என்று கேட்டார். "வரும், வரும்" என்றேன். அந்தப் பொய்யையும் தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை, நீ சொல்லியிருந்தாய். இரண்டு கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. காப்புறுதி எடுத்தவர் வீட்டின் உரிமையாளர் இல்லை, ஆகவே நட்டஈடு இல்லை. கடைசியில் வயலை விற்றுத்தான் கூரை போட்டேன். மாஸ்டர் குடும்பம் தங்கள் சாமானுக்கு ஒரு சதமும் கிடைக்காமல் வேறு வீடு பார்த்துப் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வந்த சனத்துக்கு நடுவில் உன்னை மறித்தேன். "தக்காபுல் தக்காபுல் எண்டு வந்து என்ட தலையில மண்ணள்ளிப் போட்டுட்டான் இவன். ஒழுங்கா ஒண்டும் கேட்காம எழுதிட்டான்" என்று கத்தினேன். உன் தோளில் பை தொங்கியது. "வா மச்சான், கந்தோருக்குள்ள இருந்து கதைப்பம்" என்று மட்டும் சொன்னாய். நான் வரவில்லை. பிறகு உன்னிடம் காப்புறுதி எடுக்க வந்தவர்கள் குறைந்துபோனதை நானும் கேள்விப்பட்டேன். கேட்டுச் சந்தோசப்பட்டேன்.

இன்றைக்கு அந்தப் பிள்ளை கோப்பில் இன்னொரு தாளையும் புரட்டினாள். நீ தலைமைக் கந்தோருக்கு எழுதிய கடிதம். நான் உன்னை ஏசி நாலாவது நாள் எழுதியிருக்கிறாய். 'எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழமை. கொடுத்த பின்னரும் தகப்பனே அதற்கு ஓடு மாற்றுவார், வெள்ளையடிப்பார், தன் வீடென்றே நினைப்பார். இவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல. ஐந்தாம் வகுப்பிலிருந்து இவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து மீண்டும் பரிசீலிக்கவும்.' ஓரத்தில் யாரோ 'ஏற்க முடியாது' என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார்கள். நான் அந்தப் பிள்ளையின் முன்னால் அழுதேன். அவள் தண்ணீர் எடுத்து வரப் போனாள்.

மகளின் பெயரில் எழுதி முடித்துவிட்டேன். வாடகைக்கு விடுகிற வீடு என்பதையும் எழுதச் சொன்னேன். மாஸ்டரைத் தேடிப் போக வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை அதே பள்ளிவாசல் வாசலில் நின்று, அன்றைக்குப் பிழை யாருடையது என்று சொல்லவும் வேண்டும். கேட்பவர்கள் கேட்கட்டும்.

ஆனால் உன்னை அடக்கிய அன்றைக்கு, ஜனாஸாவில் நடந்ததை என்ன செய்வது? தொழுகைக்கு முன்னால் உன் மகன் எழுந்து நின்று, "எங்கட வாப்பா ஆருக்காவது அநியாயம் செஞ்சிருந்தா, மனம் நோகக் கதைச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்க" என்று கேட்டான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் மன்னித்தோம், மாப்புச் செய்தோம் என்றார்கள். அவன் என்னைத்தான் பார்த்தான். நானும் சொன்னேன், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. எனக்குப் பெரிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டுதான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன்.

மாப்புக் கேட்க வேண்டியவன், கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் மச்சான்.